இல்லிக்குடமும் நிறைகோலும்

நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பாடமாக நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சிரிப்பு எழுகின்ற இடம் ஒன்றுண்டு. மாணாக்கரை மூவகையாகப் பகுத்து, அன்னத்தையும் ஆவையும் முதல் மாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடை மாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடை மாணாக்கர்க்கும் பவணந்தியார் உவமையாக்கும் இடமே அது. எருமை என்னும் சொல் வந்தவுடன் கடைசி இருக்கையை நோக்கி நாற்பது தலைகள் திரும்பும். இளமைக்குரிய குறும்பு என்று விட்டுவிடலாம். ஆயினும், அக்கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் சிரிப்பதில்லை என்பதும் நோக்கற்பாலது.

இவ்வகைப்பாடு தமிழ் படித்தோர் நாவில் நன்கு பழகிவிட்டது. ஓட்டைக் குடத்தில் நீர் நில்லாது. நில்லாமைக்கு நீர் ஊற்றியவர் என் செய்வார் என்னும் எண்ணம் நம்மை அறியாமலே நமக்குள் புகுந்துவிடுகின்றது. பின்தங்கிய பிள்ளையின் தாயோ தந்தையோ நம்மைத் தேடிவந்து கேட்கும்பொழுது நாம் அளிக்கும் மறுமொழியில் இவ்வெண்ணமே மறைந்து நிற்கின்றது. அம்மறுமொழி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை நன்னூலையே துணையாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் துறை மாணாக்கருள் பலர் பி.எட். பயின்று ஆசிரியப் பணிக்குச் செல்பவர் ஆதலின், இது அவர்க்கு நாளையே நேரப்போகும் செய்தியும் ஆகும்.

பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோட்கு இணங்கி நன்னூலை யாத்த சமண முனிவர். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவர் பிறந்த சனகாபுரம் எனக் கொங்கு நாட்டார் கொள்வர். மைசூர்ப் பகுதியினர் என்பாரும் உளர். முன்னோர் கூற்று மெய்யாயின், அன்னூரிலிருந்து பேருந்தில் சென்று ஒரு பகலுக்குள் மீளக்கூடிய ஊரில் பிறந்தவரே மாணாக்கரைப் பற்றிய இவ்விதிகளை நமக்கு வகுத்தளித்தவர் ஆவார்.

ஆசிரியர் முன், மாணாக்கர் பின்

பொதுப்பாயிரம் ஐந்து செய்திகளைச் சொல்கின்றது. நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடம் கேட்கும் முறை என்பன அவை. இவ்வரிசை கருதத்தக்கது. மாணாக்கரைத் தரம் பிரிக்குமுன் ஆசிரியரைத் தரம் பிரித்துவிடுகின்றார் பவணந்தியார். அவ்விருவர்க்கும் இடையில் கற்பிக்கும் முறையை வைக்கின்றார். நாமோ ஈற்றயலில் உள்ள மாணாக்கர் வகையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஏனையவற்றைத் தேர்வோடு மறந்துவிடுகிறோம்.

நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கும் உவமைகள். ஆசிரியர் ஆகாதார்க்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்சிக்காய் இட்ட குடம் முதலாவது. இட்ட முறையில் அன்றித் தோன்றிய முறையில் காய்களைக் கொட்டும் குடம் அது. பருத்தி அடைத்த குண்டிகை, கொள்வதும் அரிதாய்க் கொடுப்பதும் அரிதாய் இருப்பது. முடத்தெங்கு, ஒருவர் நீர் வார்க்க வேலிக்கு அப்பால் சாய்ந்து மற்றொருவர் முற்றத்தில் காய்ப்பது. (வகுப்பறையில் ஊதியம் பெற்று, மாலையில் தனிப்பயிற்சி வீட்டில் மட்டும் காய்க்கும் தென்னைகளை நாம் அறிவோம். பவணந்தியார் காலத்தில் டியூஷன் இருந்ததோ என்னவோ, உவமை மட்டும் பொருந்தி நிற்கின்றது.)

இவற்றினும் நம் பொருளுக்கு மிக நெருங்கியது மடற்பனை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் எவரும் ஏறிப் பழம் பறித்தல் இயலாது. அது தானாக உதிர்க்கும்பொழுது பொறுக்கிக்கொள்ளலாம். தாம் விரும்பியபோது விரும்பியதைச் சொல்வார், ஒருவர் அணுகி வந்து கேட்டால் கொடார் என்பது இதன் பொருள். பெற்றோர் ஒருவர் பள்ளி வாயிலில் காத்திருந்து, உள்ளே வந்து, ஒன்றைக் கேட்டு, ஒன்றும் பெறாமல் திரும்பும் காட்சிக்கு இதனினும் பொருந்திய உவமை தமிழில் உளதா என்பது ஐயமே.

நன்னூலில் உள்ள குறையையும் ஈண்டு மறைத்தல் நேர்மையாகாது. எவர்க்குப் பாடம் சொல்லலாகாது என்றொரு பட்டியலும் அங்கே உண்டு. சோம்பலும் செருக்கும் வஞ்சகமும் உடையாரோடு, நோயுற்றவனும் மந்தனும், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறும் நெஞ்சினனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். வஞ்சகனையும் நோயாளியையும் ஒரே வரிசையில் நிறுத்தியதை இன்று நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. மாணாக்கரைத் தாமே தேர்ந்து இலக்கணம் கற்பித்த ஆசிரியர்க்காக எழுதப்பட்ட விதி அது. ஊர்ப்பிள்ளைகள் அனைவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய பள்ளிக்கு அது பொருந்தாது. ஆயின், அதே ஆசிரியர் கற்பிக்கும் முறையைக் கூறுமிடத்து, பெறுபவன் எவ்வகையால் பெறுவான் என்பதை ஆசிரியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு அவன் உள்ளத்தில் பதியுமாறு கோணலற்ற மனத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறார். இது பொருந்தாத காலம் என்று ஒன்றில்லை.

ஒரு தந்தையின் கேள்வி

அன்னூர் வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், எட்டாம் வகுப்பில் பயிலும் தம் மகனைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்தார். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் பள்ளிப் பிள்ளையின் தமிழையும் சரிசெய்துவிடுவார் என்பது அவர் நம்பிக்கை.

"ஏனுங்க சார், என்ற பையன் கலெக்டர் ஆகோணும்னா நான் கேக்கறேன்? ஒரு பக்கம் படிக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகுதுங்க. அதே பாடத்தை அவுங்கக்கா படிச்சுக் காட்டுனா அப்பிடியே திருப்பிச் சொல்றானுங்க. தறியில இழை அறுந்தாச் சத்தத்துலயே கண்டுபுடிச்சுருவானுங்க. அப்பறம் எழுத்து மட்டும் ஏன் ஏற மாட்டேங்குதுன்னு கேக்கத்தானுங்க பள்ளிக்கூடம் போனேன்."

அவர் மூன்று முறை போயிருக்கிறார். முதல் முறை, வீட்டில் கவனம் போதவில்லை என்றனர். இரண்டாம் முறை, டியூஷன் வையுங்கள் என்றனர். மூன்றாம் முறை, படிப்பு எல்லார்க்கும் வருவதில்லை, தொழிலைக் கற்றுக்கொடுங்கள் என்றனர். அவர் மனக்குறை இவற்றில் எதுவும் அன்று. "நாம் பாத்ததச் சொன்னனுங்க. அதை ஒருத்தருங் காதுல வாங்கலீங்க" என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

அவர் பார்த்தது என்ன? காதால் கேட்டால் பதிகின்றது, கண்ணால் படித்தால் பதியவில்லை என்பது. இஃது ஒரு புகாரன்று, ஓர் ஆய்வுக்குறிப்பு. பெறுபவன் பெறும் வகையை அறிக என்று நன்னூல் பணிக்கின்றதே, அவ்வறிவை ஒருவர் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதனைக் கொள்வாரில்லை. பள்ளி ஆசிரியர்க்காகவும் ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்துவதும், பதிவேடுகளும் கணினிப் பதிவுகளும் பாடவேளையை விழுங்குவதும் நாம் அறியாதன அல்ல. தேர்ச்சி விழுக்காடு என்னும் கத்தியும் அவர் தலைமேல் தொங்குகின்றது. எனினும், ஒரு தந்தை சொல்வதைக் கேட்டு இரண்டு வரி குறித்துக்கொள்ள ஐந்து நிமிடங்களே வேண்டும்.

கும்பகோணத்துத் தாய்

இம்மனக்குறை இன்று தோன்றியதன்று. நூறாண்டுகட்கு முன்பே நம் நாட்டில் ஒரு தாய் இவ்வாறு கல்லூரி வாயிலில் நின்றிருக்கிறார். சீனிவாச இராமானுசன் 1904-ஆம் ஆண்டில் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று. தந்தையார் சேலைக் கடையில் கணக்கெழுதி மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் பெற்றவர். பருவத்திற்கு 32 ரூபாய்க் கட்டணம் அக்குடும்பத்தால் இயல்வதன்று. தாயார் கோமளத்தம்மாள் முதல்வரையே நேரில் சென்று கண்டு, கணிதத்தில் இணையற்ற தம் மகனுக்கு எவ்வாறு உதவித்தொகையை மறுக்கலாம் என்று வழக்காடினார் என்றும், முதல்வர் மரியாதையோடு விதியை எடுத்துக்காட்டி மறுத்துவிட்டார் என்றும் இராமானுசனின் வரலாற்றை 1991-இல் வெளியிட்ட இராபர்ட் கனிகல் எழுதுகிறார்.

பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1905-இல் அவ்விளைஞர் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் சென்றார். காணவில்லை என்னும் அறிவிப்பு இந்து நாளிதழில் வந்தது. பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வுதவித்தொகை அளித்தது. 1918-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

அம்முதல்வரைக் கொடியவர் என்று கூறுவதற்கில்லை. விதி அவர் கையைக் கட்டியிருந்தது. ஆனால் விதி வாயைக் கட்டவில்லை. இவன் பயில வேறு வழி உண்டா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். பட்டமின்மையைப் பொருட்படுத்தாமல் 1913-இல் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த வழி அத்தகையதே.

இராமானுசன் கதையை நம்மவர் எடுத்தாளும் முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பின்தங்கிய பிள்ளை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருப்பதாக மேடைகளில் முழங்குகிறோம். கோமளத்தம்மாளுக்குச் சுட்டிக்காட்ட மகனின் கணிதம் இருந்தது. சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாத பெற்றோர் என் செய்வர்? விசைத்தறிக்காரர் தம் மகனை மேதை என்று சொல்லவில்லை. மேதையின் தாய்க்கு மட்டுமன்றி இவர்க்கும் மறுமொழி உரியது.

பெர்சியும் நம் எழுத்துகளும்

மேதை அல்லாத ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பே இவ்வகையில் நமக்கு மிகவும் பயன்படுவது. இங்கிலாந்தில் சீஃபோர்டு என்னும் கடற்கரையூரில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மோர்கன், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி 1896 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். விளையாட்டில் சுறுசுறுப்பும், பேச்சில் தெளிவும், அறிவில் குறைவின்மையும் உடைய அச்சிறுவன், ஏழாண்டுகள் கற்பித்தும் எளிய சொற்களைப் படிக்க இயலாதிருந்தான். தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி எழுதினான், மாறியதையும் உணர்ந்திலன். 749-ஐ 867-ஆல் பெருக்குவதை மட்டும் விரைந்து பிழையின்றிச் செய்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடத்தப்பெறின் இப்பள்ளியிலேயே இவன்தான் கூர்மையான மாணவனாக இருப்பான் என அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மோர்கன் பதிவு செய்துள்ளார். சொற்குருடு என்று அவர் பெயரிட்ட இந்நிலையே இன்று டிஸ்லெக்சியா எனப்படும் படித்தற்குறைபாடு. இப்பெயரைச் செருமானியக் கண் மருத்துவர் ருடோல்ஃப் பெர்லின் அவர்க்குச் சில ஆண்டுகள் முன்பே ஆண்டிருந்தார்.

இங்கே பாராட்டுக்குரியவர் அப்பெயரறியாப் பள்ளியாசிரியரே. மருத்துவம் பெயர் சூட்டுவதற்கு முன்பே, பெறுபவன் எவ்வகையால் பெறுவான் என்பதை அவர் கண்டிருந்தார். விசைத்தறிக்காரர் கண்டதும் அதுவே. முன்னவர் சொன்னது மருத்துவ இதழில் ஏறியது; பின்னவர் சொன்னது பள்ளிக்கூட வராந்தாவோடு போயிற்று.

தமிழெழுத்திலும் இவ்விடர்ப்பாட்டுக்கு இடமுண்டு. கொ என்று ஒலிக்கும்பொழுது ககரம் முன்னும் ஒகரம் பின்னும் கேட்கின்றன. எழுதும்பொழுதோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்கின்றன. காதின் வரிசை வேறு, கண்ணின் வரிசை வேறு. துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஓருருவின. 1978-இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிச் சுமையைச் சற்றுக் குறைத்தது. கொம்புகள் அப்படியே உள்ளன. ழகரத்தை ளகரமாக எழுதும் பிள்ளையின் பிழை பெரும்பாலும் ஒலிப்பால் வருவது. திருத்தமாக ஒலிக்கப் பழக்கினால் குறையும். ஒலிப்பு திருத்தமாக இருந்தும், ஒரு சொல்லையே ஒரு பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவதும், கொம்பும் காலும் இடம் மாறுவதும், பார்த்து எழுதும்பொழுதும் எழுத்து விடுபடுவதும் ஆண்டுக்கணக்கில் நீடிக்குமாயின், ஆசிரியர் சிவப்பு மையை வைத்துவிட்டுச் சிந்திக்க வேண்டும். இதனைக் கொண்டே குறைபாடு என்று முடிவு கட்டிவிடலாகாது. கண்பார்வையும் செவிப்புலனும் முதலில் ஆராயப்பட வேண்டியவை. தகுதியுடையார் பார்த்துச் சொல்ல வேண்டியதை நாம் சொல்லலாகாது. ஆனால் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் நாமே.

முகம்

நல்லாசிரியர்க்கு மலரை உவமையாக்கும்பொழுது, உரிய பொழுதில் முகமலர்ச்சி உடைமையைப் பவணந்தியார் ஓர் இலக்கணமாகவே வைக்கின்றார். இவ்விடத்தைக் கற்பிக்கும்பொழுதெல்லாம் திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயம் என் நினைவுக்கு வருவதுண்டு. கடுகடுத்தார் என்னும் பொருளுடைய அபஸ என்பது அதன் பெயர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷியர் தலைவர்களோடு மார்க்கம் பற்றி உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் தமக்கும் கற்றுத்தருமாறு வேண்டி இடையே வந்தார்கள். நபியவர்களின் திருமுகம் வாடிற்று. கவனம் தலைவர்கள்பால் சென்றது. அதனைச் சுட்டி, தேடிவந்த அவரே கவனத்திற்குரியவர் என்று உணர்த்தும் வசனங்கள் அருளப்பெற்றன. வந்தவர் பார்வையற்றவர். அம்முகக்குறிப்பை அவர் கண்டிருக்க இயலாது. காணாத ஒருவர்பால் காட்டிய முகவாட்டமும் இறைவனால் சுட்டிக்காட்டப்பட்டது என்பது ஆசிரியப் பணியில் இருப்போர் ஆழ்ந்து எண்ணத்தக்கது. நம் முன் நிற்கும் பிள்ளையும் அதன் தந்தையும் நம் முகத்தைக் கண்ணாரக் காண்கின்றனர். பிற்காலத்தில் நபியவர்கள் அவரைப் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். பிலால் (ரலி) அவர்களைப் போன்றே பாங்கு சொல்லும் பொறுப்பும், நபியவர்கள் மதீனாவைவிட்டு வெளிச்சென்ற சில வேளைகளில் அந்நகரில் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவருக்கு வழங்கப்பட்டன.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், கற்பிப்பவரின் கடுமை மாணாக்கர்க்கு, குறிப்பாகச் சிறுவர்க்கு, தீங்கு பயக்கும் என்பதற்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளார். கடுமைக்கு ஆட்பட்ட பிள்ளை பொய்யையும் நடிப்பையும் கற்றுக்கொள்கின்றது என்பது அவர் கருத்து. படிக்க வராத பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்குவதை நாம் பார்க்கிறோமே!

சட்டமும் நம் நிறுவனங்களும்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. படித்தற்குறைபாடு அவற்றுள் இல்லை. அரசு ஏற்காத காலத்திலேயே, 1990-களின் தொடக்கத்தில், சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தோன்றிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. அரசு நிதியோ ஏற்போ பெற்ற கல்வி நிறுவனங்கள் அக்குறைபாடுகளை இயன்றவரை விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும் என்பது அதன் 16-ஆம் பிரிவு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பெற்றோரைத் தவறாமல் கூட்டிப் பிள்ளையின் கற்கும் திறனைத் தெரிவித்தலை 24-ஆம் பிரிவில் ஆசிரியர் கடமையாக்குகின்றது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17-ஆம் பிரிவில் தடுக்கின்றது.

நம் சமுதாயப் பெரியோர் கவனத்திற்கு ஒன்று. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பொருத்தம் பற்றி 2025-இல் அந்நீதிமன்றத்தின் அமர்வொன்றே ஐயம் எழுப்பியது. வழக்கு எவ்வாறு முடியினும், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடமை நம் பள்ளிகளுக்கும் உண்டு. நிருவாகக் குழுக் கூட்டங்களில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் பெரியோர், கற்றல் இடர்ப்பாடு ஐயுறப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்தம் பெற்றோரோடு யார் பேசினார் என்றும் கேட்கலாம்.

பொதுத்தேர்வில் இத்தகைய பிள்ளைகட்கு எழுத உதவியாளர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றுக்குரிய விண்ணப்பம் மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாகவே செல்கின்றது. பள்ளியில் ஒருவர் முதலில் செவிசாய்த்தால்தான் அக்கதவு திறக்கும். விசைத்தறிக்காரர் மூன்று முறை சென்றும் இச்சலுகைகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிலர்.

கேட்டலின் கூறுகள்

பொதுப்பாயிரத்தின் இறுதிப் பகுதிக்கு வருவோம். ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் நன்றாகவே கொண்டாலும் அவன் பெறுவது கல்வியின் காற்பங்கே என்கிறார் பவணந்தியார். உடன்பயில்வாரோடு பழகுவதால் ஒரு காற்பங்கு. பிறர்க்குத் தான் விளக்கிச் சொல்வதால் எஞ்சிய அரைப்பங்கு. 'நான் நடத்திவிட்டேன், அவனுக்கு ஏறவில்லை' என்பவர் இக்கணக்கைப் பார்க்க வேண்டும். நடத்தியது கால், முக்கால் இன்னும் இருக்கின்றது. அக்காள் படிக்கக் கேட்டுத் திருப்பிச் சொன்ன அச்சிறுவன், தானறியாமல் அந்த அரைப்பங்கைத்தான் செய்துகொண்டிருந்தான்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தனர். எருமையைக் காட்டிலும் அரும்பு இனிய சொல்தான். ஆயினும் தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறியும். அதனால் பெயரைக் காட்டிலும் வேண்டுவது செயலே. பின்தங்கிய பிள்ளைக்குப் பாடத்தைப் படித்துக் காட்டி, வாய்மொழியாகச் சொல்லச் செய்து, எழுதிய விடைக்குப் பக்கத்தில் சொன்ன விடைக்கும் ஒரு குறியிடலாம். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாயின் அந்த இடைவெளியே தலைமையாசிரியரிடம் கொண்டுசெல்லத்தக்க சான்று.

பி.எட். பயிற்சிக்குப் பள்ளி செல்லும் நம் மாணாக்கர் தம் குறிப்பேட்டில் 'பெற்றோர் கூறியது' என்று ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்வாராக. எந்தப் பாடம், எந்த வேளை, யார் படித்துக் காட்டியபொழுது, பிள்ளை எவ்வளவு திருப்பிச் சொன்னது என்னும் நான்கையும் பெற்றோர் சொன்னபடியே, அவர் சொல்லிலேயே, நாளிட்டு எழுதிவைத்தால் போதும்.